பாவெல் பேசியது, மாமா சொன்னது

புதிதாக அச்சடித்த ஃப்ளெக்ஸ் பேனரை எப்போதாவது மோந்து பார்த்திருக்கிறீர்களா? போன வாரம் என் அக்கா மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அடித்த பேனரைக் கடையில் வாங்கி, சுருட்டி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிற்கவைத்துக்கொண்டு காஞ்சிபுரம் மூங்கில் மண்டபம் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். சூடு ஏற ஏற அந்தச் சுருளிலிருந்து மண்ணெண்ணெயும் பெயின்ட்டும் கலந்தாற்போல ஒரு வாடை கிளம்பியது. மற்றவர்களுக்கு அந்த வாடையில் தலைவலி வரும். எனக்கு வெட்கம் வரும். அன்றைக்கும் வந்தது. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் பாட்டுக்கு நடு ரோட்டில் காது சூடேறி நின்றுகொண்டிருந்தேன்.

வெட்கம் என்றால் புதுப்பெண்ணின் வெட்கம் இல்லை. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகுமே, அந்த வெட்கம். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய விஷயம். இன்னும் ஆறவில்லை.

ஃப்ளெக்ஸ் என்றால் மாமாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அம்மாவின் தம்பி. திருப்புட்குழிப் பக்கம் நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து டவுனுக்கு வந்து சிமென்ட் கடை வைத்து, அப்படியே அரசியலுக்குள் நுழைந்தவர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அவரே இரண்டு முறை மாறிவிட்டார். எங்கள் குடும்பத்தில் காது குத்தலாக இருந்தாலும் காரியமாக இருந்தாலும் மாமா பேனர் அடிக்காமல் விட்டதில்லை. எல்லாப் பேனரிலும் ஓர் ஓரத்தில் மாமா செல்போனில் பேசிக்கொண்டிருப்பார்.

மைக்கில் ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னால் ஒரு படி தூக்கித்தான் சொல்ல வேண்டும் என்பது மாமாவின் கொள்கை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்றால் 'மருத்துவச் செம்மல்'. பஞ்சாயத்து பம்ப்பை இயக்குபவர் 'குடிநீர்க் காவலர்'. கேட்கிறவர்களும் அந்த ஒரு படியைத் தாங்களே கழித்துக்கொண்டு கைதட்டுவார்கள். யாரும் ஏமாந்ததில்லை. இதெல்லாம் பொய் கணக்கில் வராது, மரியாதை கணக்கில் வரும் என்பார் மாமா.

நான் அவருக்கு நேர் எதிர். உள்ளதை உள்ளபடி சொல்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் ஏதோ பட்டம் வாங்கியதைப் போலச் சுமந்துகொண்டு திரிந்தேன். என் பெரியப்பா மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா பேச்சுவாக்கில் மாப்பிள்ளை படிப்பை முடித்துவிட்டாரா என்று கேட்க, இன்னும் நாலு பாடம் அரியர் இருக்கிறது என்று வாய் நிறையக் கேசரியோடு சொன்னவன் நான். திரும்பி வரும்போது வேனில் ஒருவரும் பேசவில்லை. எனக்கோ உள்ளுக்குள் பெருமை. இவ்வளவு பேரில் ஒருத்தனாவது உண்மையைச் சொன்னானே என்று நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

டிப்ளமோ முடித்து, வாலாஜாபாத் தாண்டி இருந்த ஒரு தொழிற்சாலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கார் கதவுக்குத் தகடு அழுத்தும் பெரிய இயந்திரம் ஒன்று செக் நாட்டிலிருந்து வந்து இறங்கியிருந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட அந்த நாட்டிலிருந்தே ஒருவர் வந்தார். பெயர் பாவெல். ஐம்பதை நெருங்கும் வயது, கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம், முகவாயில் குறுக்காக ஒரு தழும்பு. சென்னை ஓட்டல் வேண்டாம், சின்ன ஊரில் தங்குகிறேன் என்று அவரே கேட்டாராம். காஞ்சிபுரத்தில் ஒரு லாட்ஜில் அறை போட்டார்கள். அந்த ஊர்க்காரன், கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், கார் ஓட்டுவான் என்பதால் என்னை அவரோடு சேர்த்துவிட்டார்கள். டிரைவர் சம்பளம் மிச்சம்.

என் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் ஏறக்குறைய ஒரே அளவில் உடைந்திருந்ததால் எங்களுக்குள் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஊரும் அவருக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. வெள்ளைக்காரரைக் கண்டால் பட்டுப் புடவைக் கடைக்கு இழுத்துப்போக நாலு பேர் வருவார்கள் இல்லையா, அவர்களைச் சமாளிக்க "வேணாம்பா" என்று ஒரு வார்த்தையைக் கற்றுக்கொடுத்தேன். அதை அவர் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார். தொழிற்சாலை மேலாளர் ஓவர்டைம் பார்க்கச் சொன்னாலும் "வேணாம்பா"தான்.

அவருக்கு முன்பற்கள் நாலு கிடையாது. மாட்டிக் கழற்றுகிற பல் வைத்திருந்தார். சாப்பிடும்போது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். முதல் நாள் அதைப் பார்த்து நான் இட்லியைக் கீழே போட்டுவிட்டேன். அவர் பொக்கை வாயோடு சிரித்துவிட்டு, ஹாக்கி என்றார். எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஹாக்கி ஆடினார்கள், யாருக்கும் பல் போனதில்லையே என்று நினைத்தேன். அப்புறம்தான் அது பனிக்கட்டியின் மேல் ஆடுகிற ஹாக்கி, பந்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் வட்டு, அதுவும் உறையவைத்துக் கல்லாக்கிய வட்டு என்று தெரிந்தது. அதைத்தான் இவர் பதினெட்டு வருடம், சம்பளம் வாங்கிக்கொண்டு, உடம்பால் தடுத்திருக்கிறார். தடுப்பாட்டக்காரர். கோல் போடுவது அவர் வேலை இல்லை, போட விடாமல் செய்வதுதான் வேலை.

வாலாஜாபாத் வந்தால் கார்க் கண்ணாடியை இறக்கிவிடுவார். அரிசி ஆலைகளில் நெல் அவிக்கிற வாடை வரும் அல்லவா, அது அவருக்கு அவர் ஊர் வாடையாம். அங்கே பீருக்காகப் பார்லியை ஊறவைத்து வறுக்கிற ஆலை ஒன்று இருந்ததாம். அந்த ஆலைக்குப் பின்னால் உள்ள குளம் குளிர்காலத்தில் உறைந்துபோகும். நாலு வயதில் அவருடைய அப்பா அந்தக் குளத்தின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதைத் தள்ளிக்கொண்டே சறுக்கப் பழகு என்று விட்டாராம். அப்படித்தான் ஆரம்பம். பதினேழு வயதில் ஊர் அணி. நடுவில் ஒரு வருடம் ஜெர்மனி, அங்கே பெஞ்சில் உட்கார்ந்தது அதிகம், ஆடியது குறைவு. மறுபடி ஊர் அணி. முழங்காலில் இரண்டு தடவை கத்தி வைத்தார்கள். முப்பத்தைந்தில் முடிந்தது. அதன் பிறகு சிறு வயதில் படித்த ஃபிட்டர் வேலைக்கே திரும்பினார். ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையை நான் கேட்டது இப்படித்தான், தினமும் கொஞ்சம், கியர் மாற்றுகிற சத்தத்துக்கு நடுவில்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் ஓடுகிற காரில் சொல்லவில்லை. ஒரு நாள் வாலாஜாபாத் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். கூட்ஸ் வண்டி ஒன்று நின்று நின்று போனது. எதிரில் நின்ற பேருந்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் ஊர் அணி மேல் பிரிவில் நீடிக்குமா, கீழே இறங்குமா என்று முடிவு செய்கிற ஆட்டம். சமநிலை. கடைசி நிமிடம். வட்டு இவரிடம், சொந்த கோலுக்குப் பின்னால். தடுப்பாட்டக்காரன் எதைச் செய்தாலும் ஒன்றைச் செய்யக் கூடாதாம்: சொந்த கோலுக்கு முன்னால் வட்டைக் குறுக்கே தள்ளிவிடக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பார்களாம். இவர் தள்ளினார். அது தங்கள் அணி கோல் கீப்பரின் காலிலேயே பட்டு உள்ளே போனது.

அணி இறங்கியது. அணிக்குப் பணம் போட்டுக்கொண்டிருந்த பார்லி ஆலை கையை விரித்தது. கூட ஆடிய பாதிப் பேர் வேறு ஊர் தேடிப் போனார்கள். இவர் அங்கேயே இருந்து, கீழ்ப் பிரிவில் இன்னும் ஆறு வருடம் ஆடினார். அதைப் பற்றி அவரிடம் ஒருவரும் நேராகப் பேசுவதில்லை. பீர்க் கடையில் யாராவது கோப்பையை நகர்த்தினால் "பார்த்துக் குறுக்கே தள்ளுப்பா" என்று இன்றைக்கும் சொல்வார்களாம். இருபது வருடமாக ஒரே பகடி. அவர் அப்பா அன்றைக்கு அரங்கத்திலிருந்து பேருந்து ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு மகன் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட வந்து பார்க்கவில்லை. திட்டவும் இல்லை, அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "எங்கள் ஊரில் தெருவில் நடந்தால் என் தோள் இறங்கிவிடும், இந்த ஊரில் இல்லை" என்று பாவெல் தோளைத் தொட்டுக் காட்டினார். கேட் திறந்தது. பின்னாலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள்.

பொங்கலுக்கு அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மாமா வந்திருந்தார். பல்லைக் கழற்றி வைத்தவரைப் பார்த்து மாமா விசாரிக்க, நான் ஐஸ் ஹாக்கி பற்றிச் சொன்னேன். மாமாவின் முகத்தில் பல்பு எரிந்தது. உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். மாமா வார்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் ஹாக்கி அணி இருந்தது. அவர்களுக்கு மட்டையும் பனியனும் வழங்குகிற விழா ஒன்று அவர் மனதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

எத்தனை கோல் போட்டிருக்கிறார் என்று மாமா கேட்டார். அவர் தடுக்கிறவர், மொத்தமாகவே ஏதோ கொஞ்சம்தான் என்றேன். ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் இவர் போனதில்லை என்றேன்.

"சரி, அத்த நான் பாத்துக்கறன். நீ உன் வாய வெச்சிக்கினு சும்மா இரு மாப்ள" என்றார் மாமா.

பாவெலுக்கு விழா பற்றிச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். அந்தப் பிள்ளைகளை மாலை வேளையில் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். புல் இல்லாத மைதானம், ஓரத்தில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள், குறுக்கே ஆடு. பந்தைப் பார்க்காதே, எதிரே வருகிறவளின் மார்புக்கூட்டைப் பார், அது போகிற பக்கம்தான் அவள் போவாள் என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டுவார். பாவெல் என்பது அந்தப் பிள்ளைகள் வாயில் பாவேலாகி, வேலு சாராகிவிட்டது. அவர் அங்கே நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்தேன். இந்த ஊரில் ஒருவருக்கும் அந்தக் கடைசி நிமிடம் தெரியாது, அதனால்தானோ என்னவோ.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேனர்கள் முளைத்தன. 'ஒலிம்பிக் நாயகன், கோல் மன்னன், செக் நாட்டுச் சிங்கம் வேலு சார் அவர்களே வருக வருக!' பின்னணியில் பச்சைப் புல்லில் அரைக்கால் சட்டை போட்டு யாரோ ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். பாவெலின் தலையை எங்கள் வீட்டுப் பொங்கல் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். காதோரத்தில் கரும்புத் தோகை கொஞ்சம் ஒட்டியிருந்தது. செல்போனோடு மாமா, பாவெலை விடப் பெரிதாக.

என்ன எழுதியிருக்கிறது என்று பாவெல் கேட்டார். வேறொருவன் என்றால் 'உங்களை வரவேற்கிறார்கள்' என்று முடித்திருப்பான். நான் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். கோல் மன்னனுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். ஒலிம்பிக்குக்குச் சிரிக்கவில்லை. அதற்குக் கீழே என்னால் நிற்க முடியாது என்றார். மாமாவிடம் போய்ச் சொன்னேன். அடித்த பேனரை அழிக்கவா முடியும் என்று மாமா கேட்டார்.

மூன்றாம் நாள், மேடையில் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ தமிழில் சொல் என்றார். ஒலிம்பிக் இல்லை என்பதை மட்டும் இல்லை, அந்தக் கடைசி நிமிடத்தையும் சேர்த்து. எதற்கு அது என்று கேட்டேன். இதுவரை ஒரு தடவைகூட நானாக வாய் திறந்து உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை, என் ஊரில் எல்லோரும் எனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தார்கள், நாலு பேர் முன்னால் ஒரு தடவையாவது நானே சொல்லிப் பார்க்க வேண்டும் என்றார். போக வர அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினோம். அவர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உண்மையைச் சொல்ல ஒரு மேடை, அதற்கு நான் மொழிபெயர்ப்பாளன். என் ஜாதகத்திலேயே எழுதியிருந்ததாக நினைத்தேன்.

விழா அன்று சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. மட்டை வாங்கும் பிள்ளைகளின் குடும்பங்கள், பக்கத்துத் தெருக்களில் தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள், ஐயம்பேட்டையிலிருந்து மாமா வேன் வைத்துக் கூட்டிவந்தவர்கள். பாவெலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்றல்ல, ஒன்றன் மேல் ஒன்றாக. அந்தப் புழுக்கத்தில் அவர் முகம் தக்காளியாகிவிட்டது. அவர் பேச எழுந்ததும் நானும் எழுந்தேன். மாமா என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு மைக்கைத் தானே எடுத்துக்கொண்டார். மாவட்டத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற மேடையில் வீட்டுப் பையன் மைக் பிடித்தால் நன்றாக இருக்காதாம்.

மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பாவெல் பேசியது பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற இங்கிலீஷ்.

நான் ஒலிம்பிக் போனதில்லை என்றார் பாவெல். "ஒலிம்பிக் பத்தி நானே பேசக் கூடாதுன்னு சொல்றாரு. தன்னடக்கம்" என்றார் மாமா. கைதட்டல்.

நான் தடுப்பாட்டக்காரன், சுமாரானவன் என்றார். எதிரிகள் நடுங்கிய இரும்புக் கோட்டை என்றார் மாமா. என் ஊரின் மிக முக்கியமான ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், என் தப்பால் எங்கள் கோலுக்குள்ளேயே போனது என்று சொன்னபோது பாவெலின் குரல் கம்மியது. மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. மாமா ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, சொந்த ஊருக்காகக் கடைசி நிமிடம் வரை போராடியதை நினைத்துக் கண் கலங்குகிறார் என்றார். இருபது வருடம் வெட்கத்தோடு வாழ்ந்தேன் என்றார் பாவெல். இருபது வருடமாக ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிறது என்றார் மாமா. கடைசியாக, முன் வரிசையில் புதுப் பனியனோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து, உங்களில் ஒருத்திக்கு என்றைக்காவது இது நடக்கும், மறுநாள் காலையில் பயிற்சிக்கு வந்துவிடு என்றார் பாவெல். அது எங்களுடைய ஒத்திகையில் இல்லாத வாக்கியம். தினமும் பயிற்சிக்கு வர வேண்டும் என்று அறிவுரை சொல்கிறார் என்றார் மாமா.

கூட்டம் எழுந்து நின்றது. இதில் மாமா கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை, நிஜமாகவே எழுந்து நின்றது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளைக்காரர் ஊரை நினைத்து அழுகிறார் என்றால் யாருக்குத்தான் மனசு இளகாது? பிள்ளைகள் ஓடிவந்து அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அந்தப் பெரிய மனிதர் பொன்னாடைக் குவியலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினார். நான் மேடையின் கடைசி வரிசை நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு அவமானம். என் மாமா, என் ஊர், என் மொழி.

காரில் ஏறியதும் பாவெல் வேறு ஆளாக இருந்தார். பொன்னாடைகளை எடுக்கவே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன், அதற்கப்புறமும் எழுந்து நின்றார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் ஊரில் இருபது வருடத்தில் ஒருத்தர் செய்யாததை முன்பின் தெரியாதவர்கள் செய்தார்கள் என்றார். போனை எடுத்தார். அங்கே இப்போது மதியம், அப்பா விழித்திருப்பார், சொல்ல வேண்டும் என்றார். எண்களை அழுத்திக்கொண்டே என்னைக் கேட்டார்:

"எந்த இடத்தில் எழுந்து நின்றார்கள்? நான் எதைச் சொன்னபோது? சரியாகச் சொல், அப்பா கேட்பார்."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான் பல பேரை மனதுக்குள் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறேன். அம்மா, அக்கா, எங்கள் தொழிற்சாலை வாட்ச்மேன். அவர் கேட்க விரும்பியதைச் சொல்லியிருப்போம் என்று எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். நான் காரை ஓரமாக நிறுத்தினேன். நிறுத்தி, வாக்கியம் வாக்கியமாக, எதுவும் கூட்டாமல் குறைக்காமல், மாமா சொன்னதை இங்கிலீஷில் சொன்னேன்.

போனில் ஒரு கிழவரின் குரல் கேட்டது. இரண்டு முறை ஏதோ கேட்டது. பாவெல் ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுத் துண்டித்தார். பிறகு, நான் கடைசியாகச் சொன்னது அந்தப் பிள்ளைகளுக்குமா போய்ச் சேரவில்லை என்று கேட்டார். இல்லை என்றேன். பொன்னாடைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து மடியில் அடுக்கினார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். நிஜமான நன்றிதான். எனக்கு அப்போது வெட்கமாக இல்லை. நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

வீட்டுக்கு வந்து மாமாவைப் பிடித்துக்கொண்டேன். எல்லார் முன்னாலும் பொய் சொல்லி ஒரு மனிதரை ஏமாற்றிவிட்டீர்கள், நான் காரில் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன் என்று கத்தினேன். மாமா கோபப்படவில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டே நான் முடிக்கிற வரைக்கும் கேட்டார்.

"நம்ம ஊருக்கு வந்த விருந்தாளி தன்ன தானே அசிங்கப்படுத்திக்கினு நிக்கறாரு. அத்த நான் மைக்ல போட்டு ஆயிரம் பேருக்குச் சொல்லணுமாடா? மூடிதான் மாப்ள விடணும். ஓட்டுக்குன்னே வெச்சுக்க. ஆனா அந்த மனுஷன் அழுதுக்கினு கீழ எறங்கறப்ப மூஞ்ச பாத்தியா நீ? அப்பிடியே நிம்மதியா போயிருப்பாரு. நீ போய் இன்னாத்துக்குடா சொன்ன?"

பதில் சொன்னேன், சொல்லாமல் இருப்பேனா. உண்மை, நேர்மை என்று ஏதேதோ சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. அன்றைக்கு அந்த வேனில் இருந்த அதே அமைதி.

அதற்குப் பிறகு பாவெல் மூன்று வாரம் இருந்தார். எப்போதும்போல மரியாதையாகப் பேசினார். மைதானத்துக்கு மட்டும் போகவில்லை. வாலாஜாபாத் வந்தால் கண்ணாடி இறங்கவில்லை. இயந்திரம் ஓடியது, கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். விமான நிலையத்தில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், தோள் பழையபடி இறங்கியிருந்தது எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில்தான் என் வெட்கம் ஆரம்பித்தது. மாமா மேல் பட்ட வெட்கம் எல்லாம் ஒரேயடியாக என் பக்கம் திரும்பிக்கொண்டது.

மாமா அந்தத் தேர்தலில் தோற்றார். பிறகு சர்க்கரை, பிறகு டயாலிசிஸ், இரண்டு வருடத்துக்கு முன்னால் போய்விட்டார். அவருடைய கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வாசகம் எழுதச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். ஒரு படி தூக்கித்தான் எழுதினேன்.

அதெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் பாவெல் வீடியோவில் கூப்பிட்டார். முடி முழுக்க நரைத்துவிட்டது. பின்னால் பனித் தளம், குட்டிக் குட்டிப் பிள்ளைகள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பழக்குகிறாராம். மாமாவைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். தன் அப்பாவும் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார் என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் "வேணாம்பா" என்றார். பிறகு சொன்னார்: அன்றைக்கு லாட்ஜுக்குப் போனதும் அப்பாவை மறுபடி கூப்பிட்டாராம். எல்லாவற்றையும் மேடையில் சொன்னேன், தமிழில் எடுத்துச் சொன்னார்கள், எல்லோரும் புரிந்துகொண்டார்கள், அதற்குப் பிறகும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று சொன்னாராம்.

"நீ காரில் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன்" என்றார்.

கிழவர் முழுவதையும் கேட்டுக்கொண்டாராம். அப்புறம், "நல்ல ஊர்" என்றாராம். அவ்வளவுதான். ஆனால் அடுத்த வாரம் அவராகவே குளிருக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு, இருபது வருடமாகப் போகாத அரங்கத்துக்குப் போய் யாரோ பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும், கேட்கிறவர்களிடமெல்லாம், இந்தியாவில் ஒரு கோயில் ஊர் இருக்கிறது, அங்கே மனிதன் தன் தப்பைச் சொன்னால் எழுந்து நிற்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அழைப்பு முடிந்ததும் இதை மாமாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கால்கூட எழுந்துவிட்டது. மைதானத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. மட்டை வாங்கிய பிள்ளைகள் திசைக்கு ஒருத்தியாகக் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், அந்தக் கடைசி வாக்கியம் அவர்களுக்கு இன்றுவரை போய்ச் சேரவில்லை. அந்தக் கிழவர் சொன்ன காஞ்சிபுரத்தில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. அது அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அவரோடு அதுவும் போய்விட்டது.